முற்றத்துப் பூக்கள்: வாசகர் கேள்வியும் பதிலும்

தென்மேற்குப் பருவமழை ஓயத் தொடங்கியிருக்கும் இந்தப் புரட்டாதியில் எங்கள் கைக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அழுகிய வேர்களையும் புள்ளி விழுந்த இலைகளையும் பற்றியவை. பதில்களுக்குள் செல்லுமுன் ஒரு வேண்டுகோள். செடியின் பெயரோடு உங்கள் ஊரின் பெயரையும் தவறாமல் எழுதுங்கள். பேராதனை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 460 மீற்றர் உயரத்திலும் நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்திலும் இருக்கின்றன. ஒவ்வோர் ஆயிரம் மீற்றருக்கும் வெப்பநிலை ஆறரைப் பாகை செல்சியஸ் அளவில் குறைந்துகொண்டே போவதால், ஓரிடத்தில் செழிக்கும் செடி மற்ற இடத்தில் உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்பதே பெரிது. மலையின் எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்பதும் அதே அளவுக்கு முக்கியம். வைகாசி முதல் ஆவணி வரை ஹட்டனும் மஸ்கெலியாவும் மழையில் ஊறிக்கொண்டிருக்க, அதே மாதங்களில் பதுளையும் பண்டாரவளையும் வறண்ட காற்றில் காய்கின்றன. ஆகவே ஒரு பக்கத்தாருக்குச் சொல்லும் மாதம் மறுபக்கத்தாருக்குப் பொருந்தாது.

பொகவந்தலாவையிலிருந்து ஓர் ஆசிரியை: நீலப் பூப் பூக்கும் ஒரே ஹைட்ரேஞ்சியாச் செடியிலிருந்து இரண்டு தண்டுகளை வெட்டி நட்டேன். தேயிலை மலையின் ஓரத்தில் நட்டது தாய்ச்செடியைப் போலவே நீலமாகப் பூக்கிறது. வீட்டுப் படிக்கட்டின் அருகில் நட்டது இளஞ்சிவப்பாகப் பூக்கிறது. இன்னொரு செடியின் தண்டு கலந்துவிட்டது என்று வீட்டில் சொல்கிறார்கள். அப்படித்தானா? இரண்டையும் நீலமாக்க முடியுமா?

தண்டு மாறவில்லை, மண்தான் மாறியிருக்கிறது. ஹைட்ரேஞ்சியாவின் நிறம் அதன் வேர் உறிஞ்சும் அலுமினியத்தைப் பொறுத்தது. அலுமினியம் எல்லா மண்ணிலும் நிறைய உண்டு என்றாலும், மண் அமிலத்தன்மையுடன் இருந்தால் மட்டுமே அது நீரில் கரைந்து வேருக்குக் கிடைக்கும். அவ்வாறு கிடைத்த அலுமினியம் பூவிதழில் உள்ள நிறப்பொருளுடன் இணையும்போது நீலம் பிறக்கிறது. மண்ணின் அமிலத்தைக் காட்டும் எண்ணான பீஎச் (எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 5.5க்குக் கீழே இருந்தால் நீலமும், 6.5ஐத் தாண்டினால் இளஞ்சிவப்பும், இடையில் இரண்டும் கலந்த ஊதாவும் வரும். நமது தேயிலை மண்ணின் பீஎச் பொதுவாக 4.5க்கும் 5.5க்கும் இடையில் இருப்பதால், மலையகத்தில் வேலியோர ஹைட்ரேஞ்சியாக்கள் யாரும் கவனிக்காமலேயே ஆழ்ந்த நீலத்தில் பூத்து நிற்கின்றன. பிற நாடுகளில் இந்த நீலத்துக்காக அலுமினியம் சல்பேற்றைக் காசு கொடுத்து வாங்கி மண்ணில் இடுகிறார்கள் என்பதை நினைக்கும்போது, நம் காலடி மண்ணை நாம் இன்னும் சற்று மதிக்கலாம் என்று தோன்றுகிறது.

உங்கள் படிக்கட்டுச் செடிக்கு என்ன நேர்ந்தது என்பதை ஊகிப்பது கடினமன்று. சீமெந்துப் படியிலிருந்தும் வடிகானின் ஓரத்திலிருந்தும் மழைநீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வந்து அந்த மண்ணின் அமிலத்தைத் தணிக்கிறது. நீங்கள் விறகடுப்புப் பாவிப்பவராக இருந்து, அடுப்புச் சாம்பலை வாசலோரச் செடிகளுக்குப் போடும் வழக்கமும் இருந்தால், அதுவும் அதே வேலையைச் செய்யும். அந்தச் செடியை நீலமாக்க விரும்பினால், சாம்பல் போடுவதை நிறுத்துங்கள். வேரைச் சுற்றிக் கிடக்கும் சாந்துக் கட்டிகளைப் பொறுக்கி எடுங்கள். பொசுபரசு அதிகமுள்ள பசளையைத் தவிருங்கள், ஏனெனில் அது அலுமினியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தேயிலை மலையிலிருந்து மேல்மண்ணும் உக்கிய இலைச்சருகும் கொண்டுவந்து வேரின் மேல் பரப்புங்கள். நிறம் ஒரே மாதத்தில் மாறாது, அடுத்த பூப்பருவத்தில்தான் தெரியும். சீமெந்துக்கு அருகிலேயே வைத்துக்கொண்டு முழு நீலத்தை எதிர்பார்ப்பதும் சரியன்று. செடி இளமையாக இருந்தால் இடம் மாற்றுவதே நல்லது.

மாறாக இளஞ்சிவப்பை விரும்பும் வாசகர்கள், தோட்டத்தில் தேயிலைக்கு இடும் டொலமைற் என்ற சுண்ணாம்புக்கல் பொடியை ஒரு கைப்பிடி எடுத்து வேர்ப்பரப்பில் தூவிக் கிளறிவிடலாம். அளவு மிஞ்சினால் இலையின் நரம்புகள் பச்சையாக இருக்க இடைப்பகுதி மஞ்சளாகும். இரும்புச்சத்தை வேரால் எடுக்க முடியவில்லை என்பதன் அடையாளம் அது. வெள்ளைப் பூ வகை மட்டும் எந்த மண்ணிலும் வெள்ளையாகவே பூக்கும்.

உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். தேயிலையைக் கவ்வாத்து வெட்டிப் பழகிய கை, ஹைட்ரேஞ்சியாவையும் மேசை போல் மட்டமாக வெட்டிவிடுகிறது. சாதாரணப் பெரிய இலை ஹைட்ரேஞ்சியா, முந்திய பருவத்தில் வளர்ந்த தண்டின் நுனி மொட்டிலிருந்தே பூக்கும். எல்லாத் தண்டுகளையும் ஒருசேர வெட்டினால் அடுத்த பருவத்தில் இலை மட்டுமே மிஞ்சும். பூ வாடியவுடன் அந்தப் பூங்கொத்தை, அதன் கீழுள்ள முதல் திடமான இரட்டை மொட்டுக்குச் சற்று மேலே வெட்டுங்கள். மிக வயதான தண்டுகளில் இரண்டு மூன்றை மட்டும் அடியோடு நீக்குங்கள்.

கந்தப்பளையிலிருந்து ஒரு வாசகி: கம்பளையில் என் தாய் வீட்டில் அந்தூரியம் புதராக வளர்ந்து பூக்கிறது. அங்கிருந்து கொண்டுவந்த நான்கு சாடிகளும் இங்கே ஆறு மாதமாக ஒரு புது இலைகூட விடவில்லை. பசளை போதவில்லையா?

பசளை இடாதீர்கள் என்றே முதலில் கேட்டுக்கொள்கிறேன். குளிரில் உறங்கும் வேருக்குப் பசளை உணவாகாது, உப்பாகத் தேங்கி வேரைக் கருக்கும். அந்தூரியத்தின் தாயகம் கொலம்பியாவும் எக்குவடோரும் சேர்ந்த வெப்பமான ஈரக்காடு. இரவில் 15 பாகைக்குக் கீழே இறங்கும்போதே அதன் வளர்ச்சி தளர்கிறது, 10 பாகைக்குக் கீழே இலைகள் சேதமடைகின்றன. நுவரெலியாவை ஒத்த உயரத்தில் இருக்கும் கந்தப்பளையில் பல இரவுகள் அதைவிடக் குளிரானவை. உங்கள் கைப்பக்குவத்தில் குறையேதும் இல்லை.

வீட்டில் அடுப்பின் கணகணப்புத் தங்கும், ஆனால் வெளிச்சமும் கிடைக்கும் ஓர் அறை இருந்தால் இரண்டு சாடிகளை அங்கே வைத்துப் பாருங்கள். மண்ணுக்குப் பதிலாகத் தேங்காய்ப் பொச்சுத் துண்டு, கரித்துண்டு, உடைத்த செங்கல் ஆகியவற்றைக் கலந்து நட்டால் குளிர்ந்த நீர் வேரில் தேங்காது. மற்ற இரண்டையும் தாய் வீட்டுக்கே திருப்பி அனுப்புவது அந்தச் செடிகளுக்குச் செய்யும் நன்மை. கம்பளையில் உங்கள் அம்மாவால் வளர்க்க முடியாத பியூசியாவும் கிழங்குப் பிகோனியாவும் உங்கள் வாசலில் தானாகச் செழிக்கும். அவற்றில் மனத்தைச் செலுத்துங்கள்.

தலவாக்கலையிலிருந்து ஒரு வாசகர்: ஒவ்வோர் ஆண்டும் மழைக்காலத்தில் என் ரோசாச் செடிகளின் இலைகளில் கறுப்புப் புள்ளி விழுந்து, இலை மஞ்சளாகி, கடைசியில் வெறுந்தண்டு மட்டும் நிற்கிறது. என்ன மருந்து அடிப்பது? சித்திரையில் பூக்க வேண்டுமானால் எப்போது வெட்ட வேண்டும்?

இது கரும்புள்ளி நோய் எனப்படும் பங்கசு நோய். மலையகத்து மக்களுக்குப் பங்கசு புதிதன்று. 1869இல் இலங்கையில் கண்டறியப்பட்ட கோப்பி இலைத்துரு என்ற பங்கசுதான் கோப்பித் தோட்டங்களை அழித்து, இந்த மலைகளைத் தேயிலைக்கு விட்டது. 1946இல் வந்த கொப்புள நோய் தேயிலைக் கொழுந்தையே தாக்கியது. பங்கசுக்கு வேண்டியது ஈரமும் நேரமும்தான். ரோசாவின் கரும்புள்ளிப் பங்கசு வித்து இலைக்குள் நுழைவதற்கு இலை ஏறத்தாழ ஏழு மணிநேரம் தொடர்ந்து நனைந்திருக்க வேண்டும். தலவாக்கலையின் மூடுபனியில் அது ஒவ்வோர் இரவும் கைகூடுகிறது. நமது முயற்சி எல்லாம் அந்த ஏழு மணிநேரத்தை உடைப்பதில் இருக்க வேண்டும்.

அதற்குக் காற்றுத்தான் முதல் மருந்து. செடிக்கும் செடிக்கும் இடையில் குறைந்தது மூன்றடி விடுங்கள். நடுவில் ஒன்றையொன்று உரசும் கிளைகளை நீக்கி, உள்ளே வெளிச்சம் விழுமாறு கிண்ணம் போன்ற வடிவில் செடியைத் திறந்து வையுங்கள். காலை வெயில் படும் பக்கத்தில் நடுங்கள், அப்போதுதான் இரவு ஈரம் விரைவில் உலரும். வேண்டியபோது தண்ணீரைக் காலையில், வேரில் மட்டும் ஊற்றுங்கள். மாலையில் இலைமேல் தெளிப்பது நாமே பங்கசுக்குப் பந்தி விரிப்பதாகும்.

அடுத்தது துப்புரவு. புள்ளி விழுந்த இலை தரையில் கிடந்தாலும் அதிலுள்ள வித்து மழைத்துளியின் தெறிப்பில் மீண்டும் கீழ் இலைகளுக்கு ஏறும். ஆகவே விழுந்த இலைகளை வாரத்துக்கு ஒருமுறை கூட்டி எடுத்துக் குழியில் புதைத்துவிடுங்கள், கூட்டெருக் குவியலில் போடாதீர்கள். நிலத்திலிருந்து ஓரடி உயரம் வரையுள்ள இலைகளைக் கிள்ளிவிட்டு, மண்ணின் மேல் வைக்கோலோ காய்ந்த மானாப் புல்லோ பரப்பினால் தெறிப்புக் குறையும். இத்தனையும் செய்த பின்பே பங்கசுநாசினியைப் பற்றி யோசிக்க வேண்டும். நாசினி புதிய இலையைக் காக்கும், புள்ளி விழுந்த இலையைக் குணமாக்காது. எதை, எந்த அளவில் என்பதை உங்கள் பிரிவின் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு, முகத்தை மூடிக்கொண்டு தெளியுங்கள். கொழுந்துக்கு மருந்தடிக்கும் மீதத்தைக் கொண்டுவந்து ரோசாவுக்கு அடிப்பது வேண்டவே வேண்டாம். வாசலில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

வெட்டும் காலத்தைப் பொறுத்தவரை, நமக்குக் குளிர்காலம் என்ற உறக்கப் பருவம் இல்லாததால், வெளிநாட்டு நூல்கள் சொல்லும் மாதத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஓய்ந்த மழையும் நல்ல வெயிலும் சேரும் தை, மாசி மாதங்களே மேற்குப் பக்கத்தாருக்குச் சிறந்தவை. வெட்டிய நாளிலிருந்து பூ மலர, குளிர்ந்த இடங்களில் எட்டு முதல் பத்து வாரம் செல்லும். ஏப்ரலில் பூ வேண்டுமெனில் பெப்ரவரியின் தொடக்கத்தில் வெட்டுங்கள். நுவரெலியாவின் உறைபனிப் பள்ளங்களில் இருப்பவர்கள் மட்டும் பெப்ரவரி நடுப்பகுதிவரை பொறுப்பது நல்லது, ஏனெனில் வெட்டியவுடன் வரும் இளந்தளிரையே பனி முதலில் பொசுக்கும். வெளிநோக்கிய மொட்டுக்குக் கால் அங்குலம் மேலே, மொட்டின் எதிர்ப்பக்கமாகச் சரியும்படி வெட்டுங்கள். கத்தியை ஒரு செடிக்கும் மறுசெடிக்கும் இடையில் துடைத்துக்கொள்ளுங்கள்.

இராகலையிலிருந்து ஓர் இளம் தாய்: நாங்கள் லயத்தில் இருக்கிறோம். முன்னால் ஓர் இஸ்தோப்பு, உள்ளே ஒரு சன்னல், அவ்வளவுதான் இடம். செடி வளர்க்க மிகவும் ஆசை. மணி பிளாண்டும் பிகோனியாவும் பால்மாப் பேணிகளில் வைத்தேன், இரண்டும் மஞ்சளாகிச் செத்தன. எங்களைப் போன்றோரால் வீட்டுக்குள் செடி வளர்க்க முடியாதா?

நிச்சயமாக முடியும். என் அம்மாயி லயத்து இஸ்தோப்பின் அரைச்சுவரில் ஒன்பது பேணிகளை வரிசையாக வைத்து, ஆண்டு முழுவதும் பூப்பார்த்தவர். நான் செடிகளைப் பற்றி அறிந்தவற்றில் முதல் பாதி அவருடைய அந்தச் சுவரிலிருந்து வந்தது. நீங்கள் விவரித்த மஞ்சள் நிறத்தைப் படித்தவுடன் எனக்குத் தோன்றியது ஒரே காரணம்: தண்ணீர் அதிகம், வடிகால் இல்லை.

வேருக்கு நீரைப் போலவே காற்றும் வேண்டும். ஓட்டையில்லாத பேணியில் ஊற்றிய நீர் அடியில் நின்று, மண்ணின் துளைகளில் உள்ள காற்றை வெளியேற்றிவிடுகிறது. வேர் மூச்சடைத்து அழுகும்போது அது மேலே நீரை அனுப்ப முடியாமல் இலை வாடுகிறது. வாடுவதைப் பார்த்து நாம் இன்னும் ஊற்றுகிறோம். சமவெளியில் ஒரு நாளில் உலரும் சாடி, இராகலையின் மூடுபனியில் ஒரு வாரம் உலராது. பேணியின் அடியில் ஆணியால் ஐந்தாறு ஓட்டைகள் போட்டு, அது தரையில் ஒட்டாதபடி இரண்டு சிறு கற்களின் மேல் வையுங்கள். அடியில் சரளைக்கல் நிரப்பினால் நீர் வடியும் என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில், நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளியுள்ள கல்லுக்குள் நீர் எளிதில் இறங்குவதில்லை, கல்லுக்கு மேலேயே தேங்கி நிற்கும். கல் அடைத்த அளவுக்கு வேரின் இடந்தான் குறையும். ஓட்டையை ஒரு சிறு ஓட்டுத்துண்டால் மூடினால் போதும்.

மண் கலவைக்கு, மேல்மண் இரண்டு பங்கு, நன்கு உக்கிய கூட்டெரு ஒரு பங்கு, ஆற்றுமணல் அல்லது அலசிய தும்புச்சோறு ஒரு பங்கு என்று எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்து மண்ணை மட்டும் நிரப்பினால் அது பேணிக்குள் இறுகிச் செங்கல்லாகிவிடும். தண்ணீர் ஊற்றுமுன் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் அன்று ஊற்ற வேண்டாம். பேணியைத் தூக்கிப் பார்த்து எடையால் அறியும் பழக்கம் சில வாரங்களில் கைக்கு வந்துவிடும்.

வெளிச்சத்தைச் சோதிக்க, பகலில் செடி வைக்க எண்ணும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து அதன் மேல் ஓரடி உயரத்தில் கையைப் பிடியுங்கள். விரல்களின் விளிம்பு தெளிவாகத் தெரியும் நிழல் விழுந்தால் பூக்கும் செடிகளுக்கும் அந்த இடம் ஏற்றது. மங்கலான நிழல் விழுந்தால் பிகோனியா, பன்னம், மணி பிளாண்ட் போன்றவற்றுக்குப் போதும். நிழலே விழாத மூலையில் எந்தச் செடியும் நெடுநாள் வாழாது. விறகுப் புகை இலைமேல் கரியாகப் படிந்து கிடைக்கும் சிறு வெளிச்சத்தையும் மறைக்கும் என்பதால், பத்து நாளுக்கு ஒருமுறை ஈரத்துணியால் இலைகளைத் துடைத்துவிடுங்கள். ஆபிரிக்க வயலட் போன்ற மென்மயிர் இலைகளை மட்டும் நனைக்காமல் மெல்லிய தூரிகையால் தட்டுங்கள்.

பால்மாப் பேணி, பழைய வாளி, பசளைப் பை எல்லாம் நல்ல சாடிகளே. களைநாசினியும் மருந்தும் வந்த கலன்களை மட்டும், எத்தனை முறை கழுவினாலும், செடிக்கோ தண்ணீருக்கோ பாவிக்காதீர்கள்.

கொட்டகலையிலிருந்து ஒரு வாசகர்: நத்தார் காலத்தில் சிவக்கும் பொயின்செட்டியா எங்கள் வாசலில் மூன்று ஆண்டுகளாகப் பச்சையாகவே நிற்கிறது. குசினிக்குப் பின்னால் இருக்கும் அதே இனச் செடி ஆண்டுதோறும் சிவக்கிறது. காரணம் என்ன?

உங்கள் வாசலில் இரவில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். பொயின்செட்டியா இரவின் நீளத்தை அளந்து பூக்கும் செடி. நமது நாட்டில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையிலான வேறுபாடு முக்கால் மணி நேரமே என்றாலும், அந்தச் சிறு வேறுபாட்டையும் அது உணர்ந்து, ஐப்பசிக்குப் பின் இரவு நீளும்போது சிவக்கத் தொடங்குகிறது. இடையில் மின்குமிழின் ஒளி பட்டால் இரவு முடிந்துவிட்டது என்று கொண்டு வளர்ச்சியிலேயே நின்றுவிடும். குசினிக்குப் பின்னால் இருட்டு இருப்பதால் அந்தச் செடி கணக்குத் தவறவில்லை. செவ்வந்தி பூக்காத வீடுகளிலும் பெரும்பாலும் இதுவே காரணம்.

சாடியில் இருந்தால் ஒக்டோபர் தொடக்கத்தில் இருட்டான பக்கத்துக்கு மாற்றுங்கள். நிலத்தில் இருந்தால் எட்டு வாரங்களுக்கு மாலை ஐந்து மணி முதல் காலை ஏழு மணி வரை பெரிய காகிதப் பெட்டியால் மூடி, பகலில் திறந்துவிடுங்கள். ஓர் இரவு மறந்தாலும் தாமதமாகும். அதன் பால் தோலில் அரிப்பை உண்டாக்கும், கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.

கண்டியிலிருந்து ஒரு வாசகி: பூச்சாடித் தட்டுகளில் நீர் இருப்பதாகச் சொல்லி டெங்கு பரிசோதனைக்கு வந்தவர்கள் எச்சரித்துச் சென்றார்கள். தட்டில்லாமல் தரை நனைகிறது. என்ன செய்யலாம்?

அவர்கள் சொன்னது சரி. முட்டை பறக்கும் நுளம்பாவதற்கு ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். தட்டை விளிம்புவரை ஆற்றுமணலால் நிரப்பி அதன்மேல் சாடியை வையுங்கள். நீரை மணல் ஏந்திக்கொள்ளும், நுளம்புக்கு நீர்ப்பரப்பு கிடைக்காது. இலைக்குழியில் நீர் தேங்கும் புரோமீலியாச் செடிகளை வாரந்தோறும் கவிழ்த்து ஊற்றிவிட வேண்டும்.

நுவரெலியாவிலிருந்து ஒரு வாசகர்: சென்ற தை மாதத்தில் ஒரே இரவில் என் டாலியாவும் காசித்தும்பையும் வெந்த கீரை போலாகிவிட்டன. மேட்டில் இருக்கும் அண்ணன் வீட்டில் ஒரு செடிக்கும் சேதமில்லை. வரும் ஆண்டு எப்படிக் காப்பது?

இது துகள் உறைபனியின் வேலை. மேகமும் காற்றும் இல்லாத தை, மாசி இரவுகளில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு விட்டுவிடுகிறது. நிலத்தோடு ஒட்டிய காற்றுக் குளிர்ந்து, கனத்து, நீரைப் போலவே சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. உங்கள் வீடு அந்தப் பள்ளத்தில் இருக்கிறது, அண்ணனின் வீடு அதற்கு மேலே இருக்கிறது. பகலில் நல்ல வெயிலடித்து, மாலையில் வானம் துடைத்தாற்போல் தெளிந்து, காற்றும் அடங்கிவிட்டால் அன்றிரவு ஆயத்தமாக இருங்கள்.

நண்பகலில் மண்ணை நனைத்துவிடுங்கள். ஈரமண் பகல் வெப்பத்தைக் கூடுதலாகப் பிடித்து வைத்து இரவில் விடும். மாலை ஐந்து மணிக்குள் நான்கு குச்சிகளை நட்டு அவற்றின் மேல் சணற்சாக்கைப் போர்த்துங்கள். சாக்கு நிலம்வரை தொங்க வேண்டும், இலையில் படக்கூடாது. பொலித்தீனை இலைமேல் நேராகப் போட்டால் அது படும் இடமெல்லாம் கருகும். சாடிகளைக் கூரைத் தாழ்வாரத்துக்குள் சுவரோடு ஒட்டி வையுங்கள். கார்த்திகைக்குப் பின் நைதரசன் பசளை இட வேண்டாம், அது வளர்க்கும் இளந்தளிர்தான் முதல் பலி. இவ்வளவும் செய்து கருகினால், கருகிய பகுதியைப் பெப்ரவரி இறுதிவரை வெட்டாமல் விடுங்கள், அடுத்த உறைபனிக்கு அது உள்ளே இருக்கும் மொட்டின் போர்வையாகும். டாலியாவின் கிழங்கு மண்ணுக்குள் உயிரோடு இருக்கும், கவலை வேண்டாம்.

நோர்வூட்டிலிருந்து ஒரு சிறுவர் நிலைய ஊழியர்: எங்கள் பிள்ளைக் காம்பராவின் வேலியில் பெரிய வெள்ளை எக்காளம் போன்ற பூக்கள் தொங்கும் செடி இருக்கிறது. அழகாக இருக்கிறது, ஆனால் நச்சு என்கிறார்கள்.

வெட்டி எடுத்துவிடுங்கள். அது ஊமத்தையின் இனம். இலை, பூ, விதை அனைத்திலும் நெஞ்சுத்துடிப்பையும் அறிவையும் தடுமாறச் செய்யும் நஞ்சு உண்டு. வெட்டியபின் கண்ணைத் தொடாமல் கையைக் கழுவ வேண்டும். ஏரம் லில்லியும் டீபன்பாக்கியாவும் வாயில் கடித்தால் நாக்கை வீங்க வைக்கும் என்பதால் அவற்றையும் பிள்ளைகளுக்கு எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள்.

வெலிமடையிலிருந்து ஒரு மாணவர்: ஹோர்ட்டன் சமவெளியில் பார்த்த செந்நிற ரொடொடெண்ட்ரன் மரத்தின் கன்று ஒன்றை எடுத்துவந்து வீட்டில் நடலாமா?

வேண்டாம், தம்பி. 1988 முதல் அது தேசியப் பூங்கா. அங்கிருந்து ஒரு கன்றைப் பிடுங்குவதும் சட்டப்படி குற்றம். அந்த மரத்தின் நுண்வேர்கள் அம்மண்ணிலுள்ள பங்கசுகளோடு சேர்ந்து வாழ்பவை, பிடுங்கிய கன்று பெரும்பாலும் பிழைக்காது. அதே பேரினத்தைச் சேர்ந்த அசேலியாவை நாற்றுத் தவறணையில் வாங்கி, சுண்ணாம்புபடாத தேயிலை மண்ணில், அரைநிழலில் நடுங்கள். வெலிமடையிலிருந்து நுவரெலியா போகும் வழியில் உள்ள ஹக்கலைத் தாவரவியல் பூங்கா, 1861இல் சின்கோனா மரத்தைச் சோதித்துப் பார்ப்பதற்காகத் தொடங்கப்பட்டது. ஏறத்தாழ 1,700 மீற்றர் உயரத்தில் என்னென்ன வளரும் என்பதை அங்கே ஒரு நாளில் கண்ணால் பார்த்துவிடலாம்.

எதிர்த்திசையிலும் எச்சரிக்கை வேண்டும். ஆங்கிலேயர் கொண்டுவந்த மஞ்சள் பூ முட்செடியான கோர்ஸ், இன்று ஹோர்ட்டன் சமவெளியின் புல்வெளியைத் தின்றுகொண்டிருக்கிறது. 1826இல் அழகுக்காகப் பேராதனைக்கு வந்த நாயுண்ணிச் செடி, நாடெங்கும் பரவிவிட்டது. வேண்டாத செடியைக் காட்டோரத்தில் வீசாதீர்கள்.

லிந்துலையிலிருந்து ஒரு மூத்த வாசகி: என் அம்மா வைத்த சிவப்பு ஜெரேனியம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் லயத்து வாசலில் இருந்தது. இந்த மழையில் அடித்தண்டு கறுத்துவிட்டது. அடுத்த ஆண்டு நாங்கள் புது வீட்டுக்குப் போகிறோம். இதைக் காப்பாற்ற வழி உண்டா?

அடித்தண்டைக் காப்பாற்ற முடியாது அம்மா, ஆனால் செடியைக் காப்பாற்றலாம். தண்டிலிருந்து வளரும் கன்று தாய்ச்செடியின் அதே உயிர்தான். மழைக்காலம் முடியும்வரை காத்திராமல் இன்றே செய்யுங்கள், கறுப்பு மேலே ஏறிக்கொண்டிருக்கிறது.

நுனியில் இன்னும் பச்சையாக, திடமாக இருக்கும் கிளைகளைத் தேர்ந்து, நான்கு அங்குல நீளத்தில், கணுவுக்குச் சற்றுக் கீழே கூரிய கத்தியால் வெட்டுங்கள். வெட்டுவாயின் உட்பகுதி வெளிறிய பச்சையாக இருக்க வேண்டும். பழுப்புத் தெரிந்தால் இன்னும் மேலே வெட்டுங்கள். மொட்டுகளையும் கீழ் இலைகளையும் கிள்ளிவிட்டு, ஓரிரவு நிழலில் கிடத்தி வெட்டுவாயைக் காயவிடுங்கள். ஜெரேனியத்தின் பூர்வீகம் தென்னாபிரிக்காவின் வறண்ட பகுதி, ஈரமான காயத்தோடு மண்ணுக்குள் போனால் அழுகிவிடும். பிறகு கழுவிய ஆற்றுமணல் நிரப்பிய பேணியில் ஓர் அங்குல ஆழத்தில் நட்டு, ஒருமுறை நீர் ஊற்றி, மழைபடாத, வெளிச்சமுள்ள இஸ்தோப்பில் வையுங்கள். பொலித்தீனால் மூட வேண்டாம். மேல்மணல் உலர்ந்தபின் மட்டும் மீண்டும் ஊற்றுங்கள். நான்கு முதல் ஆறு வாரங்களில் மெல்ல இழுத்துப் பார்த்தால் தண்டு மண்ணைப் பிடித்துக்கொண்டிருப்பது தெரியும்.

கிடைக்கும் கிளைகள் எத்தனையோ அத்தனையையும் நடுங்கள், ஒன்றை நம்பியிராதீர்கள். வேர் பிடித்தவற்றில் இரண்டைப் பக்கத்துக் காம்பராவில் இருப்பவர்களிடம் கொடுத்து வையுங்கள். வீடு மாறும்போது உங்களுடையது தவறிப்போனாலும் அவர்களிடமிருந்து ஒரு கிளை வாங்கிக்கொள்ளலாம்.